மாமா குதிருக்குள் இருக்கிறாரா?

இந்த வாரம் ஒரு தம்பி எழுதிய நீண்ட கடிதம். வயது 27, கோவையில் வேலை, வீடு வேறு ஊரில். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தான் தன்பாலீர்ப்பு உள்ளவர் என்பது அக்காவுக்கும் இரண்டு நண்பர்களுக்கும் மட்டும்தான் தெரியும், அப்பா அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை என்கிறார்.

குடும்ப வாட்ஸப் குழுவில் நாற்பது பேருக்கு மேல். ஜூன் மாதம் வந்துவிட்டால் தாய்மாமா சென்னை வானவில் பேரணிப் படங்களை எங்கிருந்தோ தேடிப்பிடித்துப் போட்டு, "இதுகளை எல்லாம் கட்டி வச்சு உரிக்கணும்" என்று எழுதுவாராம். கீழே நாலைந்து சிரிப்பு எமோஜி, ஒரு பெரியப்பாவின் கும்பிடு. மூன்று வருடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த தம்பி இந்த முறை, "மாமாவுக்கு மட்டும் ஏன் இதுல இவ்வளவு ஆர்வம்? எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைங்கிற கதையா இருக்கே" என்று போட்டுவிட்டார். குழு இரண்டு நிமிடம் கப்சிப். அப்புறம் மாமாவின் மச்சினனே சிரித்து வைக்க, தீ பிடித்துக்கொண்டது. மாமா குழுவிலிருந்து வெளியேறினார். அடுத்த வாரம் அக்காவின் நிச்சயதார்த்தத்துக்குத் தாய்மாமன் வரவில்லை. அத்தை மட்டும் வந்து, சமையலறையில் அம்மாவிடம், "இருபத்திரண்டு வருஷமா கூட வாழுற என்னையே நாலு பேர் ஒரு மாதிரி பாக்குறாங்க அண்ணி" என்று அழுதிருக்கிறார்.

இத்தோடு முடியவில்லை. விஷயத்தைக் கேள்விப்பட்ட நண்பர் ஒருவர், டேட்டிங் ஆப் ஒன்றிலிருந்து ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருக்கிறார். முகம் இல்லை, கழுத்துக்குக் கீழே மட்டும். ஆனால் கையில் இருக்கும் செம்புக் காப்பு மாமாவுடையது போல இருக்கிறதாம். தம்பிக்கு இரண்டு கேள்வி. நான் சொன்னது நியாயம்தானே, வெறுப்பவர்கள் உள்ளுக்குள் அப்படித்தான் என்று ஆராய்ச்சியே சொல்கிறதாமே? இரண்டாவது, இந்த ஸ்கிரீன்ஷாட்டைக் குழுவில் போட்டு ஒரேயடியாக முடித்துவிடட்டுமா?

தம்பி, முதலில் ஒன்று. மூன்று வருடம் உங்களைக் கட்டி வைத்து உரிக்க வேண்டும் என்று ஒருவர் எழுதுவதை, அதற்கு உங்கள் வீட்டு ஆட்களே சிரிப்பதை, இரவு படுக்கையில் கிடந்தபடி போனில் பார்த்துக்கொண்டிருந்தவர் நீங்கள். உங்களுக்கு வந்த கோபம் நியாயமான கோபம். குழுவில் யாராவது ஒருவர் மாமாவை நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை. அதனால் நான் இங்கே சொல்லப்போவதை மாமாவுக்கு வக்காலத்து என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் நீங்கள் எறிந்த கல் சரியான கல் இல்லை.

ஆராய்ச்சி சொன்னதும் சொல்லாததும்

உங்கள் நண்பர்கள் சொல்லும் ஆய்வு இருக்கிறது, கட்டுக்கதை இல்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் நடந்து 1996இல் வெளியானது. தங்களுக்குப் பெண்கள் மீது மட்டுமே ஈர்ப்பு என்று சொன்ன 64 ஆண்களை எடுத்துக்கொண்டார்கள். கேள்வித்தாள் வைத்து, தன்பாலீர்ப்பாளர்கள் மீது வெறுப்பு உள்ளவர்கள் 35 பேர், இல்லாதவர்கள் 29 பேர் என்று பிரித்தார்கள். பாலுறவு வீடியோக்களைப் போட்டுக் காட்டி, ஆணுறுப்பின் சுற்றளவு மாறுகிறதா என்று கருவி வைத்து அளந்தார்கள். (ஆமாம், இப்படியும் ஆய்வு செய்வார்கள்.) ஆணும் ஆணும் இருக்கும் வீடியோவுக்கு வெறுப்புக் கூட்டத்தில் பாதிக்குச் சற்று அதிகமானோருக்குத் தெளிவான மாற்றம் தெரிந்தது; மற்றக் கூட்டத்தில் கால்வாசிப் பேருக்கு.

செய்தியில் வந்தது இவ்வளவுதான். வராதது என்னவென்றால், பதற்றமே உடலில் இப்படி ஒரு மாற்றத்தைக் கூட்டலாம் என்று அந்த ஆய்வாளர்களே எழுதியிருந்தார்கள். அருவருப்போடும் பயத்தோடும் பார்க்கிற ஒருவரின் உடல் காட்டுவது ஆசையா படபடப்பா என்று அந்தக் கருவியால் பிரித்துச் சொல்ல முடியாது. அப்புறம், அந்தப் பாதிக்கு வெளியே மீதிப் பாதிப் பேர் இருக்கிறார்கள் இல்லையா? அவர்களும் வெறுத்தவர்கள்தான்.

2012இல் அமெரிக்க, ஜெர்மன் கல்லூரி மாணவர்களை வைத்து இன்னொரு தொகுப்பு ஆய்வு வந்தது. சொற்களையும் படங்களையும் கணினியில் எவ்வளவு வேகமாகப் பிரிக்கிறார்கள் என்று பார்த்து, வாய் சொல்வதற்கும் மனம் காட்டுவதற்கும் இடைவெளி இருக்கிறதா என்று தேடினார்கள். கெடுபிடியான, இந்த விஷயத்தில் வெறுப்பைக் காட்டிய பெற்றோரிடம் வளர்ந்த சிலருக்கு அந்த இடைவெளி இருந்தது, அவர்களிடம் வெறுப்பும் கூடுதலாக இருந்தது. சிலருக்கு. எல்லா எதிர்ப்பாளர்களும் இப்படி இல்லை என்று அந்த ஆய்வாளர்களே பத்திரிகையில் எழுதினார்கள். அடுத்த ஆண்டே கனடாவில் வேறு இருவர் இதே தொடர்பைத் தேடிப் பார்த்தார்கள், அகப்படவில்லை.

ஆக, இப்படிப்பட்டவர்கள் உண்டு. என் மனநல ஆலோசனை அறைக்கும் வந்திருக்கிறார்கள். ஐம்பதைத் தாண்டிய ஒருவர், மகளுக்குக் கல்யாணம் முடித்த கையோடு வந்து உட்கார்ந்து, "ஆபீஸ்ல அந்த மாதிரிப் பையன் ஒருத்தன் இருந்தான் மேடம், அவனை அதிகமா நக்கல் பண்ணது நான்தான், நான் சத்தமா சிரிச்சா என்னை யாரும் பாக்க மாட்டாங்கன்னு" என்றார். அவரை நான் மறக்கவில்லை. ஆனால் அவரை வைத்துக்கொண்டு உங்கள் மாமாவை எடைபோட முடியாது.

நான் அப்படி ஒருமுறை போட்டுப் பார்த்து மாட்டிக்கொண்டவள். தொழிலுக்கு வந்த புதிது. கல்லூரி மாணவன் ஒருவன் விடுதி அறைத்தோழனைப் பற்றி, "அவன் ஒரு மாதிரி, அவன் பக்கத்துல படுக்கவே முடியல" என்று ஒவ்வொரு முறையும் பொரிந்து தள்ளுவான். உள்ளே இருக்கும் ஆசையை மறைக்க வெளியே நேரெதிராகக் காட்டிக்கொள்வது, அதாவது புத்தகத்தில் படித்த எதிர்வினை உருவாக்கம் என்ற ஃபிராய்டு காலத்துச் சரக்கு என் மண்டையில் புத்தம் புதிதாக இருந்தது. நான்காவது சந்திப்பில், "இவ்வளவு கோபம் எதுக்குன்னு யோசிச்சீங்களா, ஒருவேளை உங்களுக்கே..." என்று இழுத்தேன். குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் டம்ளரை மெதுவாக மேசையில் வைத்தான், வைத்த இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தான், எழுந்து போய்விட்டான். அப்புறம் வரவே இல்லை. ரொம்ப நாள் கழித்து அவன் வீட்டார் வழியாகத் தெரிந்தது: எட்டு வயதில் பக்கத்து வீட்டு ஆள் ஒருவன் அவனிடம் தப்பாக நடந்திருக்கிறான். குழந்தையைத் தொடுகிறவனுக்கும் தன்பாலீர்ப்புக்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் அதை அந்தப் பையனுக்கு யாரும் பிரித்துச் சொல்லவில்லை. அவனுடைய பயத்துக்கு நான் ஒரு பெயர் ஒட்டினேன், அதுவும் தப்பான பெயர்.

ஒருவரும் 262 பேரும்

"எத்தனை பேர் மாட்டியிருக்காங்க பாருங்க" என்று கடிதத்தில் பட்டியல் போட்டிருந்தீர்கள். அதில் ஹங்கேரிக்காரர் யோஷெஃப் சாயெர் இருந்தார். ஆளுங்கட்சியின் பெரிய தலை, திருமணம் என்றால் ஆணும் பெண்ணும்தான் என்று எழுதிவைத்த 2011ஆம் ஆண்டு அரசியலமைப்பை வரைந்ததில் முக்கியமானவர். 2020 நவம்பரில் பிரஸ்ஸல்ஸில், கொரோனா ஊரடங்கு நேரத்தில், ஆண்கள் மட்டும் கூடிய ஒரு பாலியல் விருந்துக்குப் போலீஸ் வர, மழைநீர்க் குழாயைப் பிடித்து இறங்கி ஓடப் பார்த்துப் பிடிபட்டார். உலகமே சிரித்தது, சத்தியமாக நானும் சிரித்தேன்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். அந்த அரசியலமைப்புக்கு ஹங்கேரி நாடாளுமன்றத்தில் ஆதரவாக ஓட்டுப் போட்டவர்கள் 262 பேர். அவர்கள் யாரும் எந்தக் குழாயிலும் தொங்கவில்லை, அதனால் அவர்கள் நம் நினைவில் இல்லை. மாட்டிய ஒருவர் கதையாகிறார். மாட்டுவதற்கு எதுவுமே இல்லாத, சும்மா வெறுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குகிற பெருங்கூட்டம் கதையாவதில்லை.

நம் நாட்டுக் கணக்கு இன்னும் எளிது. தன்பாலீர்ப்பைச் சமூகம் ஏற்க வேண்டுமா என்று பியூ ஆய்வு மையம் கேட்டபோது, வேண்டும் என்று சொன்ன இந்தியர்கள் 2014இல் 15 சதவீதம், 2019இல் 37 சதவீதம். வெறுப்பவர்கள் எல்லாம் ஒளிந்திருப்பவர்கள் என்றால், ஐந்து வருடத்தில் இத்தனை கோடிப் பேருக்கு ஈர்ப்பா மாறிவிட்டது? மாறியது அவர்கள் காதில் விழுந்த பேச்சு. நடுவில் 2018இல் உச்ச நீதிமன்றம், தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவில் கைவைத்து, வயதுவந்தோர் சம்மதத்தோடு வாழ்வது குற்றமில்லை என்றது.

இதற்கு எனக்குப் பிடித்த சாட்சி நம் சென்னையிலேயே இருக்கிறது. மதுரையிலிருந்து ஓடிவந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு பெண்களின் வழக்கு 2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷிடம் வந்தது. எனக்கு இந்த விஷயம் முழுசாகப் புரியவில்லை, என்னிடமும் முன்முடிவுகள் இருக்கின்றன என்று வெளிப்படையாக எழுதிவிட்டு, அவரே ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அதன் பிறகுதான் ஜூன் 7ஆம் தேதி உத்தரவு வந்தது: போலீஸ் தொந்தரவு செய்யக் கூடாது, ஈர்ப்பை மாற்றுகிறேன் என்று 'சிகிச்சை' செய்யக் கூடாது என்று. அவருடைய முன்முடிவு எந்தக் குதிருக்குள்ளிருந்தும் வரவில்லை. யாரும் சொல்லித்தராததால் வந்தது, சொல்லித்தந்ததும் போனது. உங்கள் மாமா அவ்வளவு சுலபமாக மாறுவார் என்று நான் உத்தரவாதம் தரவில்லை. ஆனால் அவர் வெறுப்புக்கு ரகசியக் காரணம் தேவையே இல்லை. அவர் வளர்ந்த பள்ளிக்கூடம், டீக்கடை, ஒன்பது என்ற எண்ணையே வசவாக்கிய நம் ஊர் பாஷை, இவையே தாராளமாகப் போதும்.

உங்கள் கல் யார் மேல் விழுந்தது?

இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று நம்மிடம் ஒரு சொலவடை. நீங்கள் மாமா மீது எறிந்ததும் அதுதான். சரி, அதில் குற்றம் எது? தன்பாலீர்ப்பா? அது குற்றமில்லை என்று நம்புகிறவர் அல்லவா நீங்கள்!

அன்று குழுவில் சிரித்தவர்களை நினைத்துப் பாருங்கள். மாமாவின் வெறுப்பு அம்பலமானது என்று சிரித்தார்களா? இல்லை. மாமா 'அவர்களில் ஒருவர்' என்பதுதான் அவர்களுக்குச் சிரிப்பு. முந்தின வருடம் மாமாவின் பதிவுக்குச் சிரித்த அதே ஆட்கள், அதே எமோஜி. நீங்கள் மாமாவை அடித்தது மாமாவின் செருப்பாலேயே. அக்கா அந்தச் செய்தியைப் படித்துவிட்டு உங்களிடம், "நீயே இதைக் கேவலமா சொல்றியேடா" என்றார் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அதை நான் இரண்டு முறை படித்தேன். அந்தக் குழுவில் இன்னும் வெளியே சொல்லாத பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று இருந்தால், அதற்கு அன்று கேட்டது ஒன்றுதான்: இவர்களில் ஒருவர் என்று பெயர் வந்தால் நிச்சயதார்த்தத்துக்குக்கூட வர முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. வெறுப்பவர்கள் எல்லாம் ஒளிந்திருக்கும் தன்பாலீர்ப்பாளர்களே என்றால், உங்களுக்கு நடக்கும் கொடுமை எல்லாம் உங்கள் ஆட்களே உங்களுக்குச் செய்துகொள்வது என்றாகிவிடும். மற்றவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடலாம். 377ஆம் பிரிவை 1860இல் எழுதிவைத்த வெள்ளைக்காரத் துரைகளிலிருந்து உங்கள் பெரியப்பாவின் கும்பிடு எமோஜி வரை எல்லோருக்கும் விடுதலை.

அப்படியானால் சாயெர் போன்றவர்களைப் பற்றிப் பேசவே கூடாதா என்று கேட்பீர்கள். பேசலாம். அடுத்தவர் வாழ்க்கையை நெருக்கச் சட்டம் எழுதிய கை, தனக்கு மட்டும் விலக்கு வைத்துக்கொண்டால் அதைக் கேட்பது பொதுமக்கள் உரிமை. அங்கே கேள்வி அந்த இரட்டை வேடம் பற்றி. அதிலும் பெரிதாக எதுவும் நடந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். 2006இல் அமெரிக்காவின் பெரிய கிறிஸ்தவச் சபைக் கூட்டமைப்பின் தலைவர் டெட் ஹாகர்ட் ஓர் ஆணோடு வைத்திருந்த உறவு, அவர் மாநிலமான கொலராடோவில் தன்பாலினத் திருமணத் தடை ஓட்டெடுப்புக்குச் சில நாள் முன்பு அம்பலமானது. அவர் பதவி போனது. தடை ஜெயித்தது. உங்கள் மாமா எந்தச் சட்டமும் எழுதவில்லை, வாட்ஸப்பில் ஃபார்வர்ட் போடுகிறார்.

அந்த ஸ்கிரீன்ஷாட்

போடாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

செம்புக் காப்பு ஊரில் பாதிப் பேர் கையில் இருக்கிறது. அது அவர் இல்லை என்றால், ஒரு குடும்பத்தைச் சும்மா எரித்தீர்கள். அது அவர்தான் என்றால் இன்னும் மோசம்: ஐம்பது வயதில், மனைவி பிள்ளைகளோடு, ஒருவரிடமும் சொல்ல முடியாமல், கழுத்துக்குக் கீழே படம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதரை நாற்பது பேர் நடுவில் இழுத்துப் போடுகிறீர்கள். இப்படி அம்பலமானவர்களில் உயிரை மாய்த்துக்கொள்ளப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்களைப் பற்றி யாராவது அப்படி ஒரு படம் போடுவார்களோ என்றுதானே நீங்களும் தினம் பயப்படுகிறீர்கள்? அத்தைக்கு உண்மை தெரிய உரிமை உண்டு, மறுக்கவில்லை. அது அவர்கள் இருவருக்குள் நடக்க வேண்டிய பேச்சு. சொல்ல வேண்டியவர் மாமா.

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றபோது, ஒருவரின் பாலீர்ப்பும் அதற்குள் அடக்கம் என்று சொன்னது. அந்த உரிமை மாமாவுக்கும் உண்டு. அவதூறுக்கு, பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 356ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை இருக்கிறது. உண்மையைத்தான் சொன்னேன் என்பது மட்டும் போதாது, பொது நன்மைக்காகச் சொன்னேன் என்றும் காட்ட வேண்டும். ஒருவரைத் தன்பாலீர்ப்பாளர் என்று சொல்வதே அவதூறாகுமா என்பது தனி வாதம். ஆகாது என்று நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்ற அமர்வு ஒன்று 2012இல் சொன்னது, அது இழிவு இல்லை என்பதால். அந்த வாதத்தை நடத்திப் பார்க்கும் இடமாக உங்கள் குடும்பம் இருக்க வேண்டாம். சட்ட நுணுக்கம் வேண்டுமென்றால் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

உங்கள் பாதுகாப்பையும் யோசியுங்கள். படத்தைப் போட்ட மறுநிமிடம் பெரியப்பா கேட்கப்போகும் கேள்வி, "அந்த ஆப்புக்குள்ள உனக்கு என்னடா வேலை?" என்பதுதான். அப்பா அம்மாவிடம் உங்களைப் பற்றி எப்போது, எப்படிச் சொல்வது என்ற முடிவு உங்கள் கையை விட்டுப் போய்விடும். படத்தை அனுப்பிய நண்பரிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள். இந்த ஆப்களில் பழகி, நேரில் வரவழைத்து, வீடியோ எடுத்து மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்கள் இருக்கின்றன. அடுத்தவர் படத்தைக் கைமாற்றுகிற பழக்கம் அவர்களுக்குத்தான் வசதி.

இப்போது என்ன செய்யலாம்

மாமாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்றால், சொன்ன விதத்துக்கு மட்டும் கேளுங்கள், எதிர்த்ததற்குக் கேட்காதீர்கள். போனில் வேண்டாம், அவர் எடுக்க மாட்டார். தனியாக ஒரு செய்தி போதும்: "மாமா, எல்லார் முன்னாடியும் உங்களைப் பத்தி அப்படிப் பேசினது தப்பு. ஆனா கட்டி வச்சு உரிக்கணும்னு நீங்க எழுதுறதும் தப்பு. எனக்குத் தெரிஞ்சவங்கள்ல அப்படி இருக்காங்க, அதைப் படிக்கும்போது எனக்கு வலிக்குது." இதற்கு மேல் உங்களைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம். பதில் வராமல் போகலாம், வந்தாலும் நல்லதாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அத்தையை அக்காவோடு போய் நேரில் பாருங்கள். நீங்கள் சொன்னது கோபத்தில் சொன்ன வார்த்தை, கையில் ஆதாரம் எதுவும் இல்லாமல் சொன்னது என்று அவருக்குத் தெரிய வேண்டும். அவர் சமையலறையில் அழுதது உங்களால்.

அடுத்த ஜூனில் குழுவில் யாராவது மறுபடி ஆரம்பித்தால், ஆளை விட்டுவிட்டு எழுதியதைப் பிடியுங்கள். "யாரை உரிக்கணும், எதுக்கு?" என்று கேட்டாலே பாதிப் பேருக்குப் பதில் இருக்காது. அக்காவும் அதே நேரத்தில் ஒரு வரி போட்டால் நீங்கள் தனியாள் இல்லை. முடியாத நாளில் குழுவை ஒரு வருடத்துக்கு மியூட் செய்துவிடுங்கள், அதில் கோழைத்தனம் ஒன்றும் இல்லை.

இன்று ராத்திரியே அந்தப் படத்தை அழித்துவிடுங்கள். கேலரியில் மட்டும் அழித்தால் போதாது, கூகுள் போட்டோஸில் தானாக ஏறியிருக்கும், வாட்ஸப் சாட்டிலும் இருக்கும், அங்கேயும் பார்த்து அழியுங்கள்.